அவலாஞ்சி சாலையும் டார்ஷன் பாரும்: பிக்கப்பைத் தூக்கிக் கட்டுவதில் எது லாபம், எது நட்டம்

மழை ஓய்ந்து பாதைகள் காயத் தொடங்கியதும் மலைப்பகுதி ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகக் கேட்கிற கோரிக்கை ஒன்று உண்டு: "முன்னாடி ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுங்கண்ணே." கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து சுமார் 28 கி.மீ. தொலைவில் இருக்கும் அவலாஞ்சி, தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 820 மி.மீ. மழை பதிவானது. மறுநாள் காலைக் கணக்கு 911 மி.மீ. இரண்டையும் கூட்டினால், சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையையே தாண்டிவிடும். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு தார்ச்சாலையின் ஓரம் அரித்துப் போகிறது. காய்கறித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இறங்கும் மண்பாதைகளில் சக்கரத் தடம் பள்ளமாக விழுகிறது. நடுவில் மண் மேடு எழும்பி நிற்கிறது. வண்டியின் வயிறு அதில் உரசும்போது, கொஞ்சம் உயரம் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

அந்த உயரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, வைத்த வண்டியில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் எழும்பிவிடும். ஸ்பேனர் ஒன்று போதும். புது உதிரிபாகம் எதுவும் வாங்க வேண்டாம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதாலேயே இந்த வழியில் கிடைக்கும் உயரத்துக்கு விலை எதுவும் இல்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். விலை இருக்கிறது. மலைப்பாதையில் அது சமவெளியைவிட அதிகம்.

முதலில், உங்கள் வண்டியில் டார்ஷன் பார் இருக்கிறதா என்று பாருங்கள். நீலகிரியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை, பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டையில் நிற்பவை. அவற்றில் முறுக்குவதற்கு எதுவும் கிடையாது. மகிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்டவே பிக்கப்பில் முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை. 2010-ல் வந்த தார் சிஆர்டிஇ ஜீப்பிலும் அதே அமைப்புதான். 2020-ல் வந்த புதிய தாரில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. 1998-ல் அறிமுகமான டாடா சஃபாரியும், திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய மிட்சுபிஷி பஜேரோவும் டார்ஷன் பார் வண்டிகளே. இலங்கை மலையகத்தில் இன்றும் உழைக்கும் பழைய ஹைலக்ஸ், எல்200, இசுசு கெப் வண்டிகள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது.

நம் மெக்கானிக்குகளுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. அம்பாசடர் காரின் முன்பக்கம் கடைசி வரை டார்ஷன் பாரில்தான் நின்றது. ஊட்டி டாக்சி ஸ்டாண்டுகளை அம்பாசடர் ஆண்ட காலத்தில், சாய்ந்து போன முன்பக்கத்தைச் சரிசெய்யத் தெரியாத மெக்கானிக் தொழில் நடத்தியிருக்க முடியாது. ஃபெர்டினான்ட் போர்ஷே 1930களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. 1934-ல் சிட்ரோயன் அதைப் பெருமளவு உற்பத்தியான காரில் கொண்டுவந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியும், பின்னர் அங்கே தயாரான டி-72 அஜேயாவும் டார்ஷன் பாரின் மேல்தான் ஓடின. நாற்பது டன் எடையைத் தாங்கும் வேலையை இப்படிப்பட்ட கம்பிகள் சேர்ந்து செய்கின்றன என்றால், கம்பியின் வலிமையைப் பற்றி நமக்குச் சந்தேகம் தேவையில்லை. சந்தேகப்பட வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் மற்ற பாகங்களை.

அமைப்பு எளிமையானது. ஸ்பிரிங் எஃகில் செய்த நீளமான கம்பி ஒன்று சேஸியை ஒட்டி முன்பின்னாகக் கிடக்கும். அதன் முன்முனை பல்வரிகள் வழியாக சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் (சில வண்டிகளில் அப்பர் ஆர்மில்) கோத்திருக்கும். பின்முனை ஆங்கர் ஆர்ம் என்ற சிறு நெம்புகோலில் கோத்து, சேஸியின் குறுக்குச் சட்டத்தில் ஒரு நீள போல்ட்டால் நிறுத்தப்பட்டிருக்கும். சக்கரம் மேலே எழும்போது கம்பி முறுக்கேறும்; அந்த முறுக்கு விடுபடும்போது சக்கரம் கீழே இறங்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்புகளில் தயாரிப்பாளர்கள் இதை விரும்பியதற்குக் காரணம், காயில் ஸ்பிரிங் நிற்க வேண்டிய இடத்தில் முன் ஆக்சில் ஷாஃப்ட் போக வேண்டியிருந்ததுதான். கம்பி கீழே படுத்துக்கொண்டதால் ஷாஃப்டுக்கு வழி கிடைத்தது. உயரத்தைப் போல்ட்டால் திருத்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. தொழிற்சாலையில் வெவ்வேறு எஞ்சின் எடைக்கு ஏற்ப அளவு வைக்கவும், நாளடைவில் கம்பி தளர்ந்தால் பழைய உயரத்துக்குக் கொண்டுவரவுமே அந்த போல்ட் வைக்கப்பட்டது.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். "போல்ட்டை டைட் பண்ணினால் ஸ்பிரிங் கெட்டியாகும், லோடு தாங்கும்" என்கிறார்கள். ஆகாது. கம்பியின் கெட்டித்தன்மையைத் தீர்மானிப்பவை அதன் விட்டம், நீளம், எஃகின் தன்மை ஆகிய மூன்றும்தான். விட்டம் 10 சதவீதம் கூடினால் கெட்டித்தன்மை சுமார் 46 சதவீதம் கூடும், ஏனென்றால் விட்டத்தின் நான்காம் அடுக்கு அங்கே வேலை செய்கிறது. போல்ட்டை முறுக்குவது இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. வண்டி நிற்கும்போது கம்பியில் ஏறும் முறுக்கின் அளவுகூட ஏறத்தாழ முன்பிருந்ததுதான். தாங்க வேண்டிய எடை மாறவில்லையே. மாறுவது ஆர்ம் நிற்கும் கோணம் ஒன்றே. பின்முனையை நாம் சுழற்றுகிறோம், அதே அளவுக்கு ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது, அந்தச் சாய்வுதான் உயரமாகத் தெரிகிறது.

நட்டமும் அந்தச் சாய்விலிருந்தே தொடங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு மேலும் கீழுமாக மொத்தம் 150 மி.மீ. அசைவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். கம்பெனி அளவில் நிற்கும்போது மேலே ஏற 80, கீழே இறங்க 70. முன்பக்கத்தை 40 மி.மீ. உயர்த்தினால் மேலே ஏற 120 ஆகிவிடும். கீழே இறங்க 30 மட்டுமே மிஞ்சும். மொத்தம் அதே 150-தான். வண்டிக்கு அடியில் கிடைத்த இடைவெளி முழுவதும் சக்கரம் கீழே இறங்கும் அசைவிலிருந்து எடுத்தது. நேரான நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானிப் பக்கத்துப் பாதைகளில் தெரியும். தண்ணீர் வடிய வெட்டிய குறுக்கு வாய்க்காலில் ஒரு சக்கரம் இறங்கும்போது, ஆர்ம் தன் கடைசி நிறுத்தத்தில் 'டக்' என்று மோதும், சக்கரம் மண்ணைத் தொடாமல் தொங்கும். தொங்கும் சக்கரத்தால் திருப்பவும் முடியாது, பிரேக் போடவும் முடியாது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஃபோர் வீல் வண்டியில் முன் ஆக்சிலின் இழுவையும் அதோடு போய்விடும். ஈரமான செம்மண் இறக்கத்தில் ஓர் அங்குலத் தரை இடைவெளியைவிட நான்கு சக்கரமும் தரையில் இருப்பது பெரிது என்பேன். உயர்த்திய பிறகு வண்டி "கட்டையாக" ஓடுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதும் பெரும்பாலும் இந்த மோதலைத்தான். ஸ்பிரிங் கெட்டியானதாக அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அசைவு தீர்ந்துபோயிருக்கிறது.

அடுத்த பாதிப்பு மூட்டுகளுக்கு. ஆர்ம் கீழே சாய்ந்து நிற்கும்போது பால் ஜாயிண்ட் எப்போதும் தன் எல்லைக் கோணத்தின் பக்கத்திலேயே வேலை செய்கிறது. பூட் சீக்கிரம் கிழிகிறது. முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் சிவி ஜாயிண்ட்டும் அப்படித்தான். முழு ஸ்டியரிங் ஒடித்து, ஏற்றத்தில், ஃபோர் வீல் லோவில் ஆக்சிலேட்டரை மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அது உடைவதற்கு எல்லா வாய்ப்பும் கூடி வருகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஊரில் அந்தக் கணம் தினமும் வரும். டை ராட் சாய்வதால் டோ அளவு மாறும், ஆர்ம் சாய்வதால் கேம்பரும் மாறும், டயர் ஓரம் தேயும். குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

ஹெட்லைட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவலாஞ்சியின் மூடுபனியில் அதைப் பேசாமல் இருக்க முடியாது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 3 மீட்டர் உள்ள பிக்கப்பில் முன்பக்கம் மட்டும் 40 மி.மீ. உயர்ந்தால், 30 மீட்டர் தொலைவில் வெளிச்சம் 40 செ.மீ. மேலே போகிறது. டிம் லைட்டுக்கு வழக்கமாக வைக்கும் கீழ்ச்சாய்வு ஏறத்தாழ 1 சதவீதம், அதாவது அதே தொலைவில் 30 செ.மீ. ஆக, கீழே பார்க்க வேண்டிய டிம் லைட் இப்போது மேலே பார்க்கும். எதிரில் வருபவரின் கண் கூசும். உங்கள் கண் முன்னால் பனி வெள்ளைச் சுவராக எழும்பும். விளக்கைத் திருத்த ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சுவரும் போதும். அதைக்கூடச் செய்யாமல் வண்டியை வெளியே விடுவதை நான் பொறுப்பற்ற வேலை என்றே சொல்வேன்.

சரக்கு ஏற்றும் வண்டிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வெறும் பிக்கப் முன்னால் கொஞ்சம் தாழ்ந்து நிற்பது குறை அல்ல. பின்னால் ஒரு டன் ஏறும்போது மட்டமாக வரட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். வெறும் வண்டி பார்வைக்கு மட்டமாக நிற்க வேண்டும் என்று முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, மூட்டை ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரத்தின் மேல் எடை ஏற்கெனவே குறைவு. அதோடு இந்தச் சாய்வும் சேர்ந்தால் வளைவில் ஸ்டியரிங் மெதுவாகவே கேட்கும். முன்பக்கத்துக்கு ஈடாகப் பின்னால் கூடுதல் பட்டை போட்டோ, கட்டை வைத்தோ உயர்த்துபவர்கள் வேறொரு ஆபத்தைத் தெரியாமல் இழுத்துக்கொள்கிறார்கள். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு சிறு கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கும். சுமை ஏறி இடைவெளி குறைந்தால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும்; இடைவெளி கூடினால் குறைக்கும். பின்னால் உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், முழுச் சுமையோடு இறங்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு கணக்குப் போடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் முன் பிரேக் மட்டுமே உழைத்துச் சூடேறினால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

கவிழும் அபாயத்தையும் எண்ணில் பார்க்கலாம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ., எடைமையம் 700 மி.மீ. உயரம் என்று கொண்டால், மையம் 750-க்கு ஏறும்போது வண்டி பக்கவாட்டில் தாங்கும் எல்லை சுமார் 7 சதவீதம் குறைகிறது. தார்ப்பாய்க்கு மேலும் எழும்பி நிற்கும் முட்டைகோஸ் மூட்டைகள் அந்த எல்லையை முன்பே குறைத்திருக்கும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் உயரம் உரசல் நடக்கும் இடத்துக்காவது உதவுகிறதா? டார்ஷன் பார் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்திருப்பதால், முன்பக்கம் எழும்பும்போது அதுவும் எழும்பும். ஆனால் பின்னால் இருப்பது திட ஆக்சில். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான் பெரும்பாலான பிக்கப்புகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு மி.மீ. கூட மேலே போகாது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது சக்கரத்தின் ஆரம்தான். பாதை நடுவில் எழும்பிய மண் மேட்டில் வண்டி மாட்டுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கம்பெனி அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு சுற்று உயரமான டயர் போட்டால் வண்டியின் எல்லா இடமும் உயரும், ஆர்ம்களின் கோணமும் மாறாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் நல்ல எஃகுத் தகடு கட்டுவது அதற்கு அடுத்த செலவு. டார்ஷன் பார் போல்ட்டை நான் மூன்றாம் இடத்தில்தான் வைப்பேன்.

ஆனாலும் அந்த போல்ட்டுக்கு நியாயமான வேலை உண்டு. பத்து வருடம் ஓடிய வண்டியில் கம்பி கொஞ்சம் தளர்ந்து முன்பக்கம் 20, 25 மி.மீ. இறங்கியிருக்கும். அதைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவருவது பராமரிப்பு, தயங்காமல் செய்யலாம். அதற்கு மேல் அதிகபட்சம் 25 மி.மீ. கூட்டலாம் என்பது என் கருத்து. அதையும் கீழே இறங்கும் அசைவு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

வேலை அளப்பதில் தொடங்க வேண்டும், ஸ்பேனரில் அல்ல. நீலகிரியில் முதல் சிக்கலே மட்டமான தரை கிடைப்பதுதான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் ஒப்பிட்டு, தேவையான இடத்தில் பலகை வையுங்கள். டயர்களில் காற்று சமமாக இருக்கட்டும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் உடனே அந்தப் பக்கத்து போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள். பின்னால் ஒரு பட்டை தளர்ந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்து தெரியும். பின் டிஃபரன்ஷியலின் நடுவில் ஜாக்கி வைத்துச் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்கிப் பார்த்தால் பட்டையின் செல்வாக்கு பெரும்பாலும் விலகிவிடும். அப்போதும் முன்பக்கம் சாய்ந்தே நின்றால்தான் குறை டார்ஷன் பாரில் இருக்கிறது.

பிறகு முன் சேஸியைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்க விட வேண்டும். எடை தாங்கி நிற்கும்போது போல்ட்டைத் திருகினால் மரை சிதையும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. போல்ட்டில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு சுற்று முறுக்கி, இறக்கி, முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டு அளந்து பாருங்கள். உருட்டாமல் அளந்தால் டயர் தரையில் பிடித்துக்கொண்டு பொய்யான உயரம் காட்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பது இப்போது தெரிந்துவிடும். இடதும் வலதும் ஒரே எண்ணிக்கைச் சுற்றில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் உயரம் ஒன்றாக இருந்தால் போதும். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும்.

போல்ட் முழுவதும் உள்ளே போயும் உயரம் வரவில்லை என்றால், கம்பியை உருவி ஒரு பல் தள்ளிக் கோத்துத் தருகிறேன் என்பார்கள். மாற்று ஆங்கர் ஆர்ம்களும் சந்தையில் கிடைக்கின்றன. இரண்டும் போல்ட்டுக்குக் கூடுதல் இடம் தருபவை மட்டுமே. ஆர்ம் சாய்வும் அசைவுக் குறைவும் அப்படியே இருக்கும். சிறப்புக் கருவி இல்லாமல் ஆங்கர் ஆர்மைக் கழற்றுவது கையை முறித்துவிடும். அடைபட்டிருக்கும் முறுக்கு அவ்வளவு பெரியது. இடக் கம்பியை வலப்பக்கம் மாட்டவும் கூடாது. தயாரிப்பின்போதே ஒவ்வொன்றையும் ஒரு திசையில் அதிகமாக முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். எதிர்த்திசையில் அது சீக்கிரம் தளரும், விரிசலும் விடும். கம்பியின் மேல் பைப் ரெஞ்ச் போட்டுக் கீறல் விழவைப்பதும் அதே முடிவுக்குத்தான் கொண்டுபோகும். மழையும் ஈரமும் தீராத இந்த ஊரில், அந்தக் கீறலில் துரு பிடிக்க ஒரு பருவமே போதும்.

உண்மையிலேயே மூன்று நான்கு அங்குலம் தேவைப்படுபவருக்கு, ஆர்ம்கள் பொருந்தும் சட்டத்தையே கீழே இறக்கும் பிராக்கெட் கிட் ஒன்றுதான் சரியான வழி. அமெரிக்கப் பிக்கப்புகளுக்கு அது பரவலாக உண்டு. ஆனால் இங்கே அப்படிப்பட்ட மாற்றம் சட்டத்தோடு மோதும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் பதிவான கம்பெனி அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனி கையேடு தரும் உயர வரம்புக்குள் போல்ட்டைத் திருத்துவது இதில் வராது என்பது என் புரிதல். வரம்பைத் தாண்டிய உயரத்தோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கோரிக்கையும் சிக்கலாகும்.

ஆகவே, தூக்கித் தரச் சொல்லும் உரிமையாளர்களுக்கும் தூக்கித் தரும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். முறுக்குவதற்கு முன்பிருந்த நான்கு அளவு, முறுக்கிய சுற்று, முறுக்கிய பின் கிடைத்த நான்கு அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ எடுத்த வீல் அலைன்மென்ட் ரசீதோடு சேர்த்து ஆர்சி வைத்திருக்கும் உறையில் போட்டு வையுங்கள். உங்களிடமிருந்து அந்த வண்டியை வாங்கி நாளைக்கு இந்த மலையில் ஓட்டப்போகிறவருக்கும் அந்தத் தாள் வேண்டும்.